அண்ணி ஆசைப்பட்ட தீவு

என் அண்ணி தெருவில் நடந்து வந்தால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிடும். எந்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறதோ அந்த வீடு வரும்போது அவர் தலை எதிர்ப்பக்கம் திரும்பும். இரண்டு பக்கமும் திறந்திருந்தால் தரையைப் பார்த்துக்கொண்டு வருவார். மலைமேல் ஜமுனாமரத்தூரில் அண்ணன் குடியிருந்த தெருவில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. அதனால் அண்ணி பெரும்பாலும் தரையைப் பார்த்துத்தான் நடந்தார். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் போலத் தெரியும்.

"இன்னா அண்ணி, கழுத்து சுளுக்கா?" என்று அவருக்குக் கல்யாணமான புதிதில் கிண்டல் செய்திருக்கிறேன்.

"அவங்க வூட்டுக்குள்ள அவங்க எப்படியோ இருப்பாங்க பாப்பா. சேலை வெலகியிருக்கும். சண்ட போட்டுக்கினு இருப்பாங்க. கஞ்சி குடிச்சிக்கினு இருப்பாங்க. நம்ம கண்ணு எதுக்கு அங்க போவணும்?"

என்னை அவர் கடைசிவரை பாப்பா என்றுதான் கூப்பிட்டார். எனக்கு மகள் பிறந்து அவள் பள்ளிக்கூடம் போன பிறகும் நான் பாப்பாதான். என் மகள் சின்னப் பாப்பா. அண்ணி காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அவரை நினைத்தால் முதலில் வருவது அந்தத் திரும்பிய முகம். அதன் பின்னாலேயே வெட்கம் வந்துவிடுகிறது. அந்த வெட்கம் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமானது.

அண்ணன் மலையில் பள்ளிக்கூட வாத்தியார். அண்ணி அங்கேயே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறந்தது அதே மலையில், பஸ் போய்ச் சேராத ஒரு சின்ன ஊரில். அவருடைய அப்பா சாமை விதைப்பார், புளி உலுக்குவார். நாங்கள் கீழே, கலசப்பாக்கத்துப் பக்கம். நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம். அண்ணன் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று சொன்னபோது அம்மா நிறைய நாள் பேசாமல் இருந்து, பிறகு ஒத்துக்கொண்டாள். ஆனால் சொந்தக்காரர்களிடம் சொல்லும் விதம் ஒன்று வைத்திருந்தாள்.

"பொண்ணு கவர்மெண்ட் நர்ஸு."

"எந்த ஊரு?"

"ஜமுனாமரத்தூர்ல வேல." அதோடு பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள்.

கல்யாணத்தன்று அண்ணி வீட்டு ஆட்கள் ஒரு வேனில் இறங்கி வந்தார்கள். அவர்களைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தோம். யாரும் திட்டம் போட்டுச் செய்ததாக ஞாபகமில்லை. எப்படியோ அப்படித்தான் அமைந்தது, யாரும் அதை மாற்றவுமில்லை. அண்ணியின் அம்மா சின்ன உருவம். தலையில் எண்ணெய் வழிய வழிய வாரிக் கொண்டை போட்டிருந்தார். யார் அந்தப் பக்கம் போனாலும் ஒரு சிரிப்பு சிரித்தார். சமையல்காரரைப் பார்த்தும் சிரித்தார்.

வீட்டில் நாங்கள் மட்டும் இருக்கும்போது அம்மாவுக்கு அண்ணி 'மலைக்காரி'. "மலைக்காரிக்கு இன்னா தெரியும்." "மலைக்காரி வச்ச கொழம்பு பரவால்ல." திட்டுகிற தொனி இருக்காது. உப்பு, புளி என்று சொல்வது போலச் சொல்வாள். அதனால்தான் நாங்கள் யாரும் அதைக் கேட்டு நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மாவை ஆயா என்று கூப்பிடும் என் மகளும் அதைக் கேட்டபடியே வளர்ந்தாள்.

அண்ணியிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. யாராவது யாரையாவது வெறித்துப் பார்த்தால், பக்கத்தில் போய் மெதுவாக, "கேட்டுட்டியா?" என்பார். விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடி நின்றால் அங்கேயும் கேட்பார். பஸ்ஸில் கை ஊனமான ஒருவரை என் மகள் பார்த்துக்கொண்டே வந்தபோதும் கேட்டார். அவள், "இன்னா கேக்கணும் அத்தை?" என்றாள். "பாக்கலாமான்னு." "அதெல்லாமா கேப்பாங்க?" "கேக்க வெக்கமா இருந்தா பாக்கவும் வெக்கப்படணும்." என் மகள் அன்றைக்கு ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் வழியாக வெளியேதான் பார்த்தாள்.

அண்ணன் ஒரு சம்பவம் சொல்லுவார். மழைக்காலத்தில் ஒரு நாள், பிரசவ வலி எடுத்த பெண்ணை மலைக்கு உள்ளே ஓர் ஊரிலிருந்து ஜீப்பில் அண்ணி கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பாதி வழியில் ஜீப் சேற்றில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வரை தாங்காது என்று அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. கூட இருந்த ஆண்கள் மூன்று பேர்: டிரைவர், அந்தப் பெண்ணின் புருஷன், அவனுடைய தம்பி. அண்ணி ஜீப் மேலிருந்த தார்ப்பாயை அவிழ்த்து, மூன்று பேர் கையிலும் கொடுத்து, சுற்றிலும் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் பார்த்து நிற்கச் சொல்லியிருக்கிறார்.

"யார்னா திரும்பினீங்க, கொழந்தையை உள்ளயே இருன்னு சொல்லிடுவேன்" என்றாராம்.

டிரைவர் நின்ற இடம் கட்டெறும்புப் புற்று. கால் முழுக்க ஏறிவிட்டது. மனிதர் அசையவில்லை. குழந்தை அழுத சத்தம் கேட்ட பிறகும், "திரும்பலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பினார். அந்த டிரைவர் அப்புறம் அண்ணியை எங்கே பார்த்தாலும் முதலில் தன் காலைத் தூக்கிக் காட்டுவார். அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பார்.

இன்னொரு சம்பவம் அவ்வளவு சிரிப்பாக முடியவில்லை. எங்கிருந்தோ ஒரு சங்கத்தார் சத்துமாவுப் பொட்டலங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். எடை குறைந்த குழந்தைகளோடு தாய்மார்களை வரிசையாக நிறுத்தி, பொட்டலம் கொடுப்பதைப் படம் எடுப்பது அவர்கள் ஏற்பாடு. அண்ணி ஒவ்வொரு தாயின் பக்கத்திலும் போய், குழந்தையின் முகத்தை அம்மாவின் தோள்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தார். வந்தவர்கள் முதலில் கவனிக்கவில்லை. பிறகு படங்களைப் பார்த்தால், எல்லாவற்றிலும் குழந்தைகளின் பின்மண்டை. அவர்களில் ஒருவர் பெரிய டாக்டரிடம் போய்க் கத்தினார். டாக்டர் அண்ணியைக் கூப்பிட்டு அவர்கள் எதிரிலேயே கத்தினார். அன்றைக்கு நான் அங்கே போயிருந்தேன். வராண்டாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அண்ணி மேல்தான் கோபம் வந்தது. நாலு பேர் எதிரில் திட்டு வாங்குகிற மாதிரி இவர் ஏன் நடந்துகொள்கிறார் என்று. அண்ணி வெளியே வந்து, "கொழந்தைங்களுக்கு வெளிச்சம் கண்ணக் கூசும் பாப்பா" என்றார். அவ்வளவுதான்.

மனிதர்களைப் பார்க்கத்தான் இவ்வளவு கூச்சம். மற்ற எல்லாவற்றையும் கண்கொட்டாமல் பார்ப்பார். மரங்கொத்தி ஒன்று வேலையில் இருந்தால் அண்ணி டூட்டிக்குப் போவது தாமதமாகும். ஒருமுறை அமிர்தி வழியாகக் காரில் வந்தபோது வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையோரம் கிடந்த மண்ணுளிப் பாம்பைக் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்தார். அண்ணி எழுந்து வந்து ஏறிக்கொண்டு, "பாம்புக்கு வெக்கம் கெடையாது. நம்ம எவ்ளோ நேரம் பாத்தாலும் அது பாட்டுக்கு இருக்கும்" என்றார்.

இந்தக் கண்தான் அவரைத் தீவுக்கு இழுத்தது. ஆஸ்பத்திரியில் டிவி ஒன்று வைத்திருந்தார்கள். அதில் ஒரு நாள் அந்தமானைக் காட்டியிருக்கிறார்கள். கடலுக்கு அடியில் பவளப்பாறை, அதற்குள்ளே மஞ்சளும் நீலமுமாக மீன்கள், தண்ணீருக்குள் வேர் விட்டு நிற்கும் மரங்கள், மணலில் ஏறி வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும் ஆமை. நான் அடுத்த முறை மலைக்குப் போனபோது அண்ணி வாசலுக்கே வந்துவிட்டார்.

"பாப்பா, அந்த ஆமை இருக்குதே, எங்கெங்கயோ கடல்ல சுத்திட்டு, முட்ட வுட மட்டும் அது பொறந்த கரைக்கே திரும்பி வருதாம். அத ஒரு தடவ பாத்துடணும். எல்லாருமா போலாம். அம்மாவையும் கூட்டிக்கினு."

"அம்மாவா? கப்பல்ல ஏறுமா அது?"

"ஏரோப்ளேன்ல போலாம் பாப்பா. நான் எல்லாத்தையும் விசாரிச்சிட்டேன்."

விசாரித்துத்தான் இருந்தார். எந்த மாதம் போனால் ஆமை வரும், எந்தத் தீவில் கடல் அலையில்லாமல் இருக்கும், நீச்சல் தெரியாதவர்களும் முகமூடி போட்டுக்கொண்டு மீன் பார்க்க முடியுமா, எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். பொங்கல் விடுமுறைதான் சரி என்று முடிவு செய்தார். போளூர் போனபோது எங்கள் எல்லாருக்கும் வெயில் தொப்பி வாங்கி வந்தார். அம்மாவுக்கு வாங்கியது ஊதா நிறம், பெரிய விளிம்பு. அம்மா அதைத் தலையில் வைத்துக் கண்ணாடி பார்த்தாள். "மலைக்காரிக்கு வந்த ஆசையப் பாரு" என்று என்னிடம் சொன்னாள். தொப்பியைக் கழற்றவில்லை.

கோடை விடுமுறைக்கு நாங்கள் போயிருந்தபோது, அண்ணி கிணற்றடியில் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, என் மகளும் அவருமாகத் தலையை உள்ளே விட்டு மூச்சுப் பிடித்துப் பழகினார்கள். யார் அதிக நேரம் என்று போட்டி. அண்ணி கண்ணைத் திறந்தபடி உள்ளே இருப்பார். டிரம்மின் அடியில் என் மகளின் பொம்மை மீன் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள். நனைந்த தலையோடு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நிற்பதை அண்ணன் விடுமுறைச் சிறப்பு வகுப்பு முடிந்து வந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியில யாரும் பாக்காம இருக்கணும்" என்றார். அண்ணிக்குக் குழந்தை இல்லை. என் மகள் மலைக்கு வரும் நாட்களில் அவர் டூட்டியை மாற்றிப் போட்டுக்கொள்வார்.

அந்த விடுமுறையில்தான் அந்த ஏஜெண்ட் வந்தார்.

என் வீட்டுக்காரருக்கு வேலூரில் பழக்கமானவர். பயணங்கள் ஏற்பாடு செய்கிற தொழில். அருவியையும் பார்த்த மாதிரி இருக்கும், பயணத்தையும் பேசி முடித்துவிடலாம் என்று எங்களோடு மலைக்கு வந்தார். மத்தியானம் சாப்பிட்ட பிறகு கூடத்தில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டார். நல்ல பேச்சுக்காரர். அண்ணன், என் வீட்டுக்காரர், அம்மா, நான் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். என் மகள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அண்ணி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கேள்வி கேட்டார். "இது ஆணா பொண்ணா?" "இந்த நண்டு மரம் ஏறுமாமே?" ஏஜெண்டுக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. அண்ணி சிரித்துக்கொண்டே டீ போட எழுந்து போனார்.

அப்போது அவர் அடுத்த படத்துக்குப் போனார். இரண்டு பக்கமும் அடர்ந்த காடு, நடுவில் ஒரு தார் ரோடு, வரிசையாக வண்டிகள்.

"இது சுண்ணாம்புக் குகைக்குப் போற வழி சார். குகை சும்மா. மேட்டரே இந்த ரோடுதான். ஆதிவாசிங்க ரோட்டோரம் வந்து நிப்பாங்க. உடம்புல துணி இருக்காது. வண்டிய நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குது. ஆனா நம்ம டிரைவரு கொஞ்சம் மெதுவா ஓட்டுவாரு. அதிர்ஷ்டம் இருந்தா நல்லாப் பாக்கலாம். எல்லாரும் இதுக்குத்தான் வர்றாங்க."

"ஆதிவாசின்னா இன்னா அங்கிள்?" என்று என் மகள் கேட்டாள்.

"காட்டுலயும் மலையிலயும் இருக்கறவங்கம்மா. நம்மள மாதிரி கெடையாது."

"எங்க அத்தை அதுதான். மலைக்காரின்னு ஆயா சொல்லும்."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். தனக்குத் தெரிந்த ஒன்றை வந்தவரிடம் சொல்லுகிற குரல். ஏஜெண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த வீட்டு மருமகளைத்தான் சொல்கிறாள் என்று அவர் நினைக்கவே இல்லை. "அப்ப அவ்ளோ தூரம் ஏன் போவணும், இங்கயே டிக்கெட் போட்டுடலாமே" என்று சொல்லிச் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். என் உதடும் விரிந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாதபோது உதடு தானாக விரியுமே, அது.

அண்ணி டீத்தட்டோடு கூடத்து நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அம்மாவை, என் வீட்டுக்காரரை, என்னை. அவர் யாரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கோபம் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கதவு திறந்த வீட்டுக்குள் தெரியாமல் பார்த்துவிட்டவர் மாதிரி இருந்தார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

அண்ணி தட்டைக் கீழே வைத்தார். ஏஜெண்டிடம் சாதாரணமாகக் கேட்டார்.

"அந்த ரோட்டோரம் இருக்கறவங்க, அவங்க யார்னா உங்கள வரச் சொன்னாங்களா?"

"இல்ல மேடம், அது வந்து, டூர்ல எல்லாரும்..."

"டீ ஆறிப்போவுது. குடிங்க."

பிறகு என் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். என் வீட்டுக்காரர் ஏஜெண்டிடம், அண்ணிக்குக் கேட்கும்படி, "அந்த ரோட்ட எடுத்துடுங்க, எங்களுக்கு வேணாம்" என்றார். அம்மா டீயைக் குடிக்கவில்லை.

சாயங்காலம் அண்ணி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய் மறுமுனையில் நின்றேன்.

"அண்ணி, சின்னது ஏதோ தெரியாம சொல்லிடுச்சு."

"அது தெரிஞ்சதத்தான் சொல்லிச்சு பாப்பா."

துணியை மடித்து என் கையில் கொடுத்தார். நான் வாங்கி அடுக்கினேன். அடுத்த சேலையை உருவியபடி சொன்னார்.

"நீ சிரிச்ச பாரு, எங்கம்மாவும் அப்படித்தான் சிரிச்சிச்சு. அப்ப நான் இஸ்கூல்ல சேரல. அம்மா வெறகுக் கட்டு தூக்கிக்கினு வந்துச்சு, நான் கூட நடந்து வந்தேன். ஒரு வேன் நின்னுச்சு. எறங்கினாங்க. கட்ட எறக்குன்னாங்க, மறுபடி தூக்குன்னாங்க. இப்படித் திரும்பு, அப்படிப் பாருன்னாங்க. என்னை இழுத்துப் பக்கத்துல நிறுத்துனாங்க. கிழிஞ்ச பாவாட கட்டியிருந்தேன். எங்கம்மா சொன்னதெல்லாம் செஞ்சிச்சு. சிரிச்சிக்கினே செஞ்சிச்சு. இன்னா பண்றதுன்னு தெரியல அதுக்கு."

"அதுக்கப்புறம் வந்தாங்களா?"

"அவங்க வர்ல. ஆனா எப்ப வண்டிச் சத்தம் கேட்டாலும் எங்கம்மா ஓடிப்போயி எண்ணெ வச்சி தலைய வாரிக்கும். அன்னைக்கு தல கலைஞ்சி இருந்துச்சாம். அடுத்த தடவையாவது ஒழுங்கா இருக்கணும்னு. அதப் பாக்கத்தான் என்னால முடியாது."

கல்யாணப் பந்தியில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்த அந்தத் தலை எனக்கு ஞாபகம் வந்தது. கையில் இருந்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எதற்கென்று ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை, எதில் நிறுத்துவது என்றும் தெரியவில்லை. அண்ணியே, "மழ வர்ற மாதிரி இருக்குது, உள்ள வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகும் பயணத்தைப் பற்றி அவர் போனில் பேசுவார். அம்மாவுக்கு மூட்டுவலி மாத்திரை எடுத்து வைத்தாயா, சின்னப் பாப்பாவுக்கு முகமூடி சின்னதாகக் கிடைக்குமா என்றெல்லாம் கேட்பார். பழைய மாதிரியே எல்லாம் ஆகிவிட்டது என்று நாங்கள் நம்பினோம். நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது. பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அண்ணன் கூப்பிட்டார்.

"அவளுக்கு டூட்டி போட்டுட்டாங்கம்மா. நானும் இங்க இருந்துக்கிறேன். நீங்க போய்ட்டு வாங்க."

"லீவு சொல்லியிருந்தாங்களே?"

"போட்டுட்டாங்க" என்றார் அண்ணன் மறுபடியும். அவருக்குப் பொய் சொல்ல வராது. நான் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார், அதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

நாங்கள் போனோம். கடல் அண்ணி சொன்ன மாதிரியே இருந்தது. அலையே இல்லாத கரை, கண்ணாடித் தண்ணீர். என் மகள் முகமூடி போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விட்டாள். மேலே வந்து, "அத்தை இருந்தா இன்னும் ரொம்ப நேரம் இருப்பாங்க" என்றாள். நாங்கள் அங்கே இருந்த நாட்களில் ஆமை வரவில்லை.

ஒரு நாள் விடியற்காலையில் தங்கியிருந்த இடத்துக்கு வேன் வந்து நின்றது. குகைக்கு என்றார் டிரைவர். அந்தப் பகுதியை ஏஜெண்ட் எடுக்கவே இல்லை. என் வீட்டுக்காரரும் அதற்குப் பிறகு அதை நினைவுபடுத்தவில்லை. வேனில் ஏற்கெனவே வேறு ஆட்கள் இருந்தார்கள். எங்களுக்காகக் காத்திருந்தார்கள். "குகையத்தானே பாக்கப் போறோம்" என்றார் என் வீட்டுக்காரர். அம்மா ஊதாத் தொப்பியை வைத்துக்கொண்டு முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நானும் ஏறினேன்.

காட்டுக்குள் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. எல்லாருடைய கண்ணும் வெளியே. ஓரிடத்தில் ஏதோ அசைந்தது போலிருந்தது. மொத்த வேனும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். வெறும் மாடு. ஒருவர் சிரித்தார். போகும்போதும் யாரும் வரவில்லை, திரும்பும்போதும் வரவில்லை. "ஒருத்தரும் காணமே" என்றாள் அம்மா. அவள் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்குள்ளும் இருந்தது. வழியெல்லாம் மரங்களுக்கு நடுவே தேடியபடிதான் வந்திருந்தேன். தேடும்போது அண்ணி ஞாபகத்துக்கு வரவே இல்லை. வேன் காட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் வந்தார். முகமெல்லாம் சூடேறிவிட்டது. பக்கத்தில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தது ஒன்றுதான் ஆறுதல் என்று நினைத்தேன். அவள் தூங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஊர் திரும்பிய வாரமே மலைக்குப் போனோம். கொஞ்சம் பவளப்பாறைப் படங்கள், சிப்பியில் செய்த ஒரு மாலை. அண்ணி கோழிக் குழம்பு வைத்திருந்தார். ஒவ்வொரு மீன் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அம்மாவிடம், "கால் வலி எப்படி இருந்துச்சு, ரொம்ப நடக்க வச்சாங்களா?" என்று கேட்டார். அம்மா, "நீ வாங்கிக் குடுத்த தொப்பிதான் காப்பாத்துச்சு" என்றாள். அண்ணியிடம் அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. மலைக்காரி என்ற வார்த்தையை அந்தக் கோடைக்குப் பிறகு அவள் வாயில் நான் கேட்கவுமில்லை. ஆனால் அதற்கென்று ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதும் இல்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மகள் சொன்னாள்.

"அத்தை, நாங்க அந்த ரோட்ல போனோம். அவங்க வரவே இல்ல."

நான் தட்டைப் பார்த்துக் குனிந்தேன். என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். அண்ணி குழம்புக் கரண்டியோடு குனிந்திருந்தவர் நிமிராமலே சொன்னார்.

"வூட்ல வேல இருந்திருக்கும் கண்ணு."

அவள் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார். என் தட்டிலும் வைத்தார்.

பிறகு ஒரு வருஷம் ஓடியது. போக்குவரத்து நிற்கவில்லை. பண்டிகைக்குப் போவோம், அண்ணி வழக்கம் போலச் செய்வார். ஆனால் எதற்கும் "எல்லாருமா போலாம்" என்று அவர் சொல்வதில்லை. நானும் அதைக் கவனித்தேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

மறு வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை, நான் சமையலறையில் இருந்தபோது அண்ணியிடமிருந்து போன். எடுத்ததும் காற்றுச் சத்தம்தான் கேட்டது.

"பாப்பா, ஆமக் குஞ்சு பாத்தேன். இப்பத்தான் கடல்ல வுட்டாங்க. கையளவு கூட இல்ல. அது பாட்டுக்குத் தண்ணியப் பாத்து ஓடுது."

"எங்க இருக்கீங்க அண்ணி?"

"அந்தமான்லதான்."

பின்னால் ஒரு வயதான குரல் ஏதோ கேட்டது. மலைப்பேச்சு. அண்ணி போனை விலக்கிப் பதில் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"யாரு அண்ணி அது?"

"எங்கம்மா. இவ்ளோ தண்ணிய யாரு காவல் காக்கறாங்கன்னு கேக்குது. அலைக்குள்ள நிக்குது, வெளிய வர மாட்டேங்குது. தல முழுக்க மணலு. வாரி வுடறேன்னா வேணாங்குது."

"வேற யாரெல்லாம் வந்திருக்கீங்க?"

"குடும்பத்தோட வந்திருக்கோம் பாப்பா. எங்கப்பா, அம்மா, தங்கச்சி, உங்கண்ணன், எல்லாரும்."

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. அப்படி இருந்திருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். சின்னப் பாப்பாவுக்கு ஒரு நல்ல சங்கு எடுத்து வருவதற்கு இங்கே அனுமதி இல்லையாம், வேறு ஏதாவது வாங்கி வருகிறேன் என்றார். அம்மா கூப்பிடுகிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் மகள் ஸ்கூல் பையோடு சமையலறைக்குள் வந்தாள்.

"யாரும்மா போன்ல?"

"அத்தை. அந்தமான் போயிருக்காங்க. ஆமக் குஞ்சு பாத்தாங்களாம்."

அவள் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"யார் கூட போனாங்க?"

குடும்பத்தோட என்று அண்ணி சொன்ன வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல முடியவில்லை. "நேரமாச்சு, பஸ் வந்துடும்" என்று சொல்லி, அவள் டிபன் டப்பாவை மூடிக் கொடுத்தேன்.